ஆற்றங்கரை வீட்டுக்கு யார் காவல்?

தொரப்பள்ளி என்றதும் நமக்கு நினைவு வருவது ராஜாஜி.

ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய ஊர் அது. அங்கே 1878-ம் ஆண்டு டிசம்பர் 10-ந்தேதி ராஜாஜி பிறந்தார். பின்னர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் ஆனார். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லம். அரசாங்கம் அதைப் பாதுகாக்கிறது. ஓடு உடைந்தால் மாற்றுகிறார்கள். சுவர் கறுத்தால் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அது நல்ல காரியம்தான்.

ஆனால், அதே ஊரில் மற்ற வீடுகளும் இருக்கின்றன. உழவர் வீடு, தொழிற்சாலைக்குப் போகும் தொழிலாளி வீடு, வட்டிக்குக் கடன் வாங்கிக் கட்டிய வீடு! அந்த வீடுகளுக்கு யார் காவல்?

சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

தென்பெண்ணை ஆறு நந்தி மலையில் பிறக்கிறது. கர்நாடகத்தைக் கடந்து ஓசூர் பக்கம் தமிழ் நாட்டுக்குள் வருகிறது. முதலில் கெலவரப்பள்ளி அணை. அதன்பின் கிருஷ்ணகிரி அணை. பெங்களூரில் பெருமழை பெய்தால், இங்கே ஒரு துளி விழாமலே ஆற்றில் வெள்ளம் வரும். "கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருங்கள்" என்று தண்டோரா போடுவார்கள். மக்கள் ஓடித் தப்பலாம். வீடு ஓடுமா?

2017-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்தது. தண்ணீர் சீறிப் பாய்ந்தது. கிருஷ்ணகிரி முதல் கடலூர் வரை ஆற்றோர ஊர்களுக்கு எச்சரிக்கை விட்டார்கள்.

2024-ம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'பெஞ்சல்' புயல் வந்தது. கடலோரத்தில் கரை ஏறிய புயல், உள்நாட்டில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் மழையைக் கொட்டியது! சாலையோரம் நிறுத்தி இருந்த வண்டிகளை வெள்ளம் இழுத்துச் சென்றது. "நம் ஊர் மேட்டு நிலம். இங்கே வெள்ளம் வராது" என்று எண்ணி இருந்தவர்கள் அன்று திகைத்துப் போனார்கள்.

ஆபத்து தண்ணீரால் மட்டுமா? நெருப்பும் இருக்கிறது.

2023-ம் ஆண்டு ஜூலை 29-ந்தேதி கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்தது. 9 பேர் மாண்டனர். அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் நொறுங்கின. அந்தக் கட்டடங்களில் இருந்தவர்கள் பட்டாசு செய்யவில்லை, விற்கவில்லை. பக்கத்தில் இருந்தார்கள். அவ்வளவுதான்! அதே ஆண்டு அக்டோபர் 7-ந்தேதி, ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. 14-க்கும் மேற்பட்டவர்கள் கருகி இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காகச் சென்ற தமிழ் நாட்டு இளைஞர்கள்.

இவை போதாது என்று யானை வேறு! ஒவ்வோர் ஆண்டும் பன்னர்கட்டா காட்டில் இருந்து யானைக் கூட்டம் தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகளுக்கு வருகிறது. கேழ்வரகு விளையும் காலம் பார்த்து வயலில் இறங்குகிறது. வழியில் இருக்கும் கொட்டகையும் சுவரும் தப்பும் என்று சொல்ல முடியாது.

ஆறு, தீ, யானை மூன்றுக்கும் நடுவே இருக்கிறது நம் எல்லைப்புறத்து வீடு.

ரூ.10 ஆயிரம் போதுமா?

"அரசாங்கம் நிவாரணம் கொடுக்கும்" என்பார்கள்.

கொடுக்கிறது. பெஞ்சல் புயலின்போது சேதம் அடைந்த குடிசைக்கு ரூ.10 ஆயிரம் என்று தமிழக அரசு அறிவித்தது. கையில் ஒன்றும் இல்லாதவனுக்கு அது பெரிய உதவி. அதைக் குறை சொல்வதற்கு இல்லை.

ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீடு கட்ட அரசாங்கமே ரூ.3½ லட்சம் கொடுக்கிறது. ஒரு சிறு வீட்டுக்கே அவ்வளவு ஆகும் என்பது அரசாங்கத்துக்கும் தெரியும். அப்படியானால், ரூ.10 ஆயிரத்தில் எத்தனை சுவர் எழுப்ப முடியும்?

நிவாரணம் என்பது அடுப்பு எரிவதற்கு. வீடு எழும்புவதற்கு அல்ல. வீடு எழும்ப வேறு வழி வேண்டும். அந்த வழிதான் இன்சூரன்ஸ். நல்ல தமிழில் காப்பீடு.

இன்சூரன்ஸ் என்பது என்ன?

ஊரில் 1,000 வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் ஒரு பொதுப் பெட்டியில் போடுகிறார்கள். அந்த ஆண்டு இரண்டு வீடுகள் எரிந்து போகின்றன. பெட்டியில் உள்ள பணத்தை எடுத்து அந்த இரண்டு வீட்டையும் கட்டிக் கொடுக்கிறார்கள். மற்ற 998 பேருக்கும் பணம் திரும்பாது. ஆனால், ஆண்டு முழுவதும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அதற்கு அது கூலி.

இது சீட்டு அல்ல. சீட்டில் போட்ட பணம் திரும்பி வரும். இதில் வராது. "பணம் திரும்பவில்லையே" என்று வருந்தக் கூடாது. வீடு எரியவில்லை என்று மகிழ வேண்டும்!

ஆனால் ஒரு சிக்கல். பெட்டியை வைத்திருக்கும் கம்பெனி, "எந்த வீடு எரியும்? எந்த வீடு மூழ்கும்?" என்று பார்க்கிறது. ஆற்றங்கரை வீடா? கட்டணம் அதிகம். கூரை வீடா? இன்னும் அதிகம். பட்டாசுக் கிடங்குக்குப் பக்கமா? "யோசித்துச் சொல்கிறோம்" என்கிறது.

மேட்டில், காரை போட்ட மாடி வீட்டில் இருப்பவருக்குக் கதவைத் திறக்கிறார்கள். பள்ளத்தில், ஓட்டு வீட்டில் இருப்பவருக்குத் தயங்குகிறார்கள். யாருக்குக் காப்பு மிகவும் தேவையோ, அவருக்கு அது கிடைப்பதுதான் கடினம்!

கம்பெனியை மட்டும் குறை கூறிப் பயன் இல்லை. நிச்சயம் மூழ்கும் வீட்டையே எல்லாம் சேர்த்தால் பெட்டி காலியாகிவிடும். பிறகு யாருக்கும் பணம் இராது. அதுவும் உண்மைதான். ஆனால், "நமக்குத் தரமாட்டார்கள்" என்று கேட்காமலே இருந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

என்ன பாலிசி இருக்கிறது?

2021-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி முதல் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற வீட்டுப் பாலிசி நடப்பில் இருக்கிறது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பாலிசி இது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றுதான். கட்டணம் மட்டும் மாறும்.

தீ, வெடி, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி வெடிப்பு ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு இதில் பணம் உண்டு. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைவிட்டுப் போயிருக்கும்போது திருடன் புகுந்தால்? விபத்து நடந்த 7 நாளுக்குள் நடந்த திருட்டுக்கும் பணம் உண்டு. வீடு குடியிருக்க முடியாமல் போனால், வேறு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகைக்கும் வழி இருக்கிறது.

வீட்டையும் சாமான்களையும் சேர்த்துக் காப்பீடு செய்தால், கட்டடத் தொகையில் 100-க்கு 20 பங்கு சாமான்களுக்குத் தானாகவே சேரும். கட்டடம் ரூ.8 லட்சம் என்றால், கட்டில், பீரோ, டெலிவிஷன், பாத்திரம் எல்லாவற்றுக்கும் ரூ.1 லட்சத்து 60 ஆயிரம். இதற்கு உச்சவரம்பு ரூ.10 லட்சம். நகை போன்ற விலை உயர்ந்த பொருளைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

நல்ல காரை வீட்டுக்கு ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாயில் இருந்து தொடங்குகிறது. 10 ஆண்டு வரை சேர்த்தும் கட்டலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மனையின் விலைக்குக் காப்பீடு கிடையாது. வெள்ளம் மண்ணைத் தூக்கிக்கொண்டு போகாது அல்லவா? திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ, அதுதான் கணக்கு. 600 சதுர அடி வீடு. சதுர அடிக்கு ரூ.2 ஆயிரம் செலவு என்றால், ரூ.12 லட்சம் போதும்.

கடினமான வீடுகளுக்கு வழி

ஆற்றங்கரை வீடு: ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொரு கம்பெனியைக் கேளுங்கள். அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பெனிகள் நான்கு இருக்கின்றன: நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா. இதில் யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமை அலுவலகமே சென்னையில்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடித்தளத்தை உயர்த்தி இருந்தால், அதைப் படத்துடன் காட்டுங்கள்.

கூரை வீடு: ஓலை, மூங்கில், தார்ப்பாய் கொண்டு கட்டியதைக் 'கச்சா' வீடு என்று தனியாக வைக்கிறார்கள். கட்டணம் கூடும். கனவு இல்லத் திட்டத்தில் காரை வீடு கிடைக்குமா என்று ஊராட்சியில் கேளுங்கள். கூரை மாறினால் உயிருக்கும் நல்லது, காப்பீடும் எளிது.

வாடகை வீடு: ஓசூரில் பாதிப்பேர் குடித்தனக்காரர்கள் போலத் தோன்றுகிறது. "வீடு என்னுடையது அல்லவே" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். சுவர் வீட்டுக்காரருடையது. தையல் மிஷினும் பீரோவும் உங்களுடையவை!

லேத் வைத்திருக்கும் வீடு: முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் சமையல் அறை. சிப்காட் சுற்றுப்புறத்தில் இத்தகைய வீடுகள் உண்டு. வீட்டுப் பாலிசி குடியிருக்கும் வீட்டுக்குத்தான். பட்டறைக்கு வேறு பாலிசி. ரூ.5 கோடிக்கு உட்பட்ட சிறு தொழிலுக்கு 'பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா' இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஏமாறாதீர்கள்.

யானைப் பாதையில் உள்ள வீடு: வெளிப்பொருள் எதுவும் மோதிச் சேதம் ஏற்பட்டால் பணம் உண்டு என்று பாலிசி சொல்கிறது. வண்டி, மரம் என்று உதாரணமும் காட்டுகிறது. யானையை அதில் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகையால், "யானை இடித்தால் தருவீர்களா?" என்று வாங்கும் முன்பே கேட்டு, பதிலைக் கடிதமாக வாங்கி வையுங்கள். வனத்துறை நிவாரணத்துக்கும் தனியாக மனுக் கொடுங்கள்.

கடன் வாங்கிக் கட்டிய வீடு: பாங்கியில் கடன் கொடுத்தபோது ஏதோ இன்சூரன்சுக்குப் பணம் பிடித்திருப்பார்கள். அது உங்கள் உயிருக்கா, வீட்டுக்கா? பலருக்குத் தெரியாது. நாளைக்கே போய்க் கேளுங்கள். பாலிசியின் நகலை வாங்கி வாருங்கள்.

பொய் சொல்லாதீர்கள்

கூரையை ஓடு என்று எழுதாதீர்கள். பட்டறையை வராந்தா என்று சொல்லாதீர்கள். தீபாவளிக்கு விற்கப் பரண் மேல் பட்டாசுப் பெட்டி அடுக்கி வைத்துவிட்டு, "ஒன்றும் இல்லை" என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

பொய் சொன்னால் கட்டணம் 50 ரூபாய் குறையலாம். ஆனால், வீடு எரிந்த அன்று கம்பெனி அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும். அப்போது வீடும் போகும்; பணமும் வராது. அன்று மிச்சம் பிடித்த 50 ரூபாய்தான் மிஞ்சும்!

ஏஜெண்டு நிரப்பிய காகிதத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து இடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால், பள்ளிக்கூடம் போகும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே இந்த வேலை உங்களுடையது.

வீட்டின் நான்கு பக்கத்தையும், உள்ளே இருக்கும் சாமான்களையும் செல்போனில் படம் எடுங்கள். பாலிசி, பட்டா, வீட்டு வரி ரசீது, கடை ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ தங்கைக்கோ அனுப்பி வையுங்கள். பாலிசியை வீட்டுப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியே வெள்ளத்தில் போனால் என்ன பயன்?

சேதம் நேர்ந்தால், முதலில் உயிர். பிறகு உடனே கம்பெனிக்குத் தகவல். தீ என்றால் தீ அணைக்கும் படைக்கும் போலீசுக்கும் எழுத்து மூலம் தகவல். சுத்தம் செய்யும் முன் படம். தண்ணீர் நின்ற அளவைச் சுவரில் கோடு போட்டுக் காட்டுங்கள். கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பும். நிலம் அளக்கும் சர்வேயர் அல்ல; சேதத்தை மதிப்பிடுபவர். தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அவரை நியமிக்க வேண்டும், அவருடைய அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ம் ஆண்டில் விதி செய்திருக்கிறார்கள்.

இழுத்தடித்தால் பயப்படாதீர்கள். 155255 என்ற எண்ணில் ஆணையத்துக்குப் புகார் சொல்லலாம். அதற்கும் மேலே இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். தமிழ் நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ஓர் ஆண்டுக்குள் அவரிடம் போகலாம். கட்டணம் இல்லை. வக்கீலும் வேண்டாம். ரூ.50 லட்சம் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்?

குடிமக்கள் செய்ய வேண்டியதைச் சொன்னோம். இனி அரசாங்கம் செய்ய வேண்டியது.

இங்கிலாந்திலும் ஆற்றங்கரை வீடுகள் உண்டு. அங்கேயும் கம்பெனிகள் தயங்கின. 2016-ம் ஆண்டு ஏப்ரலில் 'பிளட் ரீ' என்ற பொது நிதியைத் தொடங்கினார்கள். எல்லா வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அதில் பணம் போட வேண்டும். வெள்ள ஆபத்து உள்ள வீட்டைக் கம்பெனி சேர்த்துக்கொள்ளும். வெள்ளத்தின் சுமையை மட்டும் பொது நிதி தாங்கும். 2009-க்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு இது கிடையாது. "ஆபத்து என்று தெரிந்தும் பள்ளத்தில் புது வீடு கட்டாதே" என்று அதற்குப் பொருள்!

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் காட்டுத் தீக்குப் பயந்து பெரிய கம்பெனிகளே ஒதுங்குகின்றன. யாரும் ஏற்காத வீட்டுக்கு அங்கே 1968-ம் ஆண்டு முதல் 'பேர் பிளான்' என்ற கடைசிப் புகலிடம் இருக்கிறது. 2025-ம் ஆண்டு ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோது அதன் நிதி போதவில்லை. கம்பெனிகளிடம் இருந்து 100 கோடி டாலர் வசூலித்துக் கொடுத்தார்கள். புகலிடத்துக்கும் பலமான கஜானா வேண்டும் என்பது அதில் உள்ள பாடம்.

நம் நாட்டிலும் வழி இல்லாமல் இல்லை. மழை ஓர் அளவைத் தாண்டினால் மாநில அரசுக்கே பணம் வரும்படி நாகாலாந்து காப்பீடு செய்திருக்கிறது.

நாம் கேட்பது

ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்துச் சாவுக்கு ரூ.2 லட்சம் கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு நடத்துகிறது. பயிர்க் காப்பீட்டில் உழவர் கட்டுவது சிறு பங்கு. மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. யானை போன்ற வனவிலங்குகள் அழித்த பயிருக்கும் 2026 காரீப் பருவம் முதல் பயிர்க் காப்பீட்டில் இடம் தரப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள்.

உயிருக்கு இருக்கிறது. பயிருக்கு இருக்கிறது. ஏழையின் வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

வீட்டு வரியோடு சேர்த்து ஒரு சிறு தொகையை மக்கள் கட்டட்டும். மீதியை அரசாங்கம் போடட்டும். எல்லாக் கம்பெனிகளும் பங்கு கொள்ளட்டும். எந்த வீட்டையும் "ஆபத்தான வீடு" என்று சொல்லித் தள்ளக் கூடாது. சிறு வீட்டை மறுபடியும் கட்டும் அளவுக்குப் பணம் கொடுத்தால் போதும். மாளிகைக்காரர் தம் வழியைத் தாமே பார்த்துக்கொள்வார். அதே சமயம், ஆற்றுப் புறம்போக்கில் இனிமேல் மனை போட்டு விற்பவர்களைத் தடுக்க வேண்டும். இல்லையேல் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதை ஆகிவிடும்.

இந்தத் திட்டம் வர நாள் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். நடுப்பகலில் வெயில் அடிக்கும்போதே குடையைத் தேட வேண்டும். பாலிசி தொடங்கிய பிறகு நேர்ந்த சேதத்துக்குத்தான் பணம் வரும். ஆற்றில் தண்ணீர் ஏறிய பிறகு ஏஜெண்டைத் தேடிப் பயன் இல்லை.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டுக்கு அரசாங்கம் காவல். நல்லது. அடுத்த வீட்டில் நாளை ஒரு குழந்தை பிறக்கும். அது எப்படி வளரும் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தொட்டில் கட்டிய உத்திரத்துக்கும் ஒரு காவல் வேண்டாமா?